அடுத்தவர் கொக்கி

1

என்னிடம் கேட்டது கதை அல்ல, கட்டுரை. அதுவும் இரண்டே பக்கம். கேரவன் சங்கத்தின் காலாண்டு மடலுக்கு, 'முகாமில் நேரும் அசம்பாவிதங்களும் குடும்பக் குதூகலமும்' என்ற தலைப்பில் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் எச்சரிக்கை, கடைசியில் பத்து விதிகள்.

(கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நாயகி ஓய்வெடுக்கும் குளிர்சாதன வண்டி உங்களுக்கு நினைவு வந்தால், தயவுசெய்து அதை ஓரமாக நிறுத்திவையுங்கள். நான் சொல்வது, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற தகரப் பெட்டி. உள்ளே நாலு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு குளிர்பெட்டி, இடம் கொள்ளாத அளவுக்குக் குடும்பச் சண்டை.)

இருபத்திரண்டு வருடங்களாக அந்தப் பக்கத்தை எழுதிவந்தவர் நெவில் அடோனிஸ். கடல் கடந்து நான் குடியேறிய பார்ல் நகரத்தில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். வயது அறுபத்து நான்கு. ரயில்வே பணிமனையில் முப்பத்தெட்டு வருடம் பிரேக் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். சங்கத்தின் பாதுகாப்புச் செயலாளர். இந்த ஈஸ்டர் முடிந்த வாரம் ஒற்றை வரியில் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். சங்கத்துக்காரர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். நீங்கள்தான் அந்தப் பயணத்தில் கூட இருந்தீர்கள், எழுத்தாளர் வேறு, நடந்ததை யார் மனமும் நோகாமல் எழுதித் தாருங்கள் என்றார்கள்.

ஆங்கிலத்தில் தலைப்பை எழுதினேன். முதல் விதியையும் எழுதினேன்: 'கொக்கியை மாட்டியதும் ஒரு முறைக்கு இரு முறை—'. அதோடு பேனா நின்றது. மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் காலை தமிழில் தொடங்கினேன். மடை திறந்த மாதிரி வந்தது. ஏன் தமிழில் மட்டும் வந்தது என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதை இப்போது சொல்ல வாய் வரவில்லை.

2

தொடக்கங்கள்.

முதல் தொடக்கம்: 'புனித வெள்ளிக்கு முந்தின நாள் காலை, மலைச் சுரங்கத்தைத் தாண்டியதும் வெளிச்சம் பளீரென்று முகத்தில் அடிக்க, நெவில் அடோனிஸ் தன் பிக்கப் வண்டியின்—' சுற்றுலா விளம்பரம். வெட்டிவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: 'மஞ்சள் கறை போகாது என்பதை யூனா அடோனிஸ் அறிவாள்.' இது பரவாயில்லை. இதைப் பிறகு பயன்படுத்திக்கொள்வேன்.

மூன்றாம் தொடக்கம்: 'கேரவன் தானாகப் பின்னோக்கி உருளத் தொடங்கியபோது நாலு வயது லியா கீழே தண்ணீர்க் குழாயடியில்—'

இல்லை. இப்படித் தொடங்கினால் நீங்கள் கடைசிவரை பதறிக்கொண்டே படிப்பீர்கள். நான் அந்தப் பதற்றத்தைத் தின்று வளர்வேன். எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான், ஆனால் இந்தக் கதையில் வேண்டாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. நிதானமாகப் படியுங்கள்.

3

நெவில், அவர் மனைவி யூனா, மகள் ஷன்டேல், ஷன்டேலின் குழந்தை லியா. பிரீடே ஆற்றங்கரையில் ஒரு முகாம். நாலு நாள்.

போகிற வழியிலேயே முதல் அசம்பாவிதம் நடந்துவிட்டது. புனித வெள்ளிக்கென்று யூனா மூன்று நாள் முன்பே மீனைப் பொரித்து, வெங்காயமும் மஞ்சளும் வினிகரும் சேர்த்துக் காய்ச்சி ஊறப்போட்டிருந்தாள். பெரிய கண்ணாடிச் சாடி. குளிர்பெட்டியின் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் உண்டு. அதைப் போடுவது யூனாவின் பொறுப்பு. போடவில்லை. மண்சாலையில் இறங்கிய ஐந்தாம் நிமிடம் சாடி வெளியே குதித்து, மெத்தைமேல் விழுந்து, மூடியைக் கழற்றிக்கொண்டது. முகாமில் கேரவன் கதவைத் திறந்தபோது கல்யாண வீட்டுச் சமையற்கட்டு வாசனை. மஞ்சள் கறை போகாது என்பதை யூனா அறிவாள். நாலு நாளும் எல்லோரும் மீன் வாசத்திலேயே தூங்கி எழுந்தார்கள். நெவில் இருபது முறையாவது அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து போட்டுத் திறந்து காட்டினார். யூனா கொஞ்சமும் அசரவில்லை. மறந்துட்டேன், என்ன இப்போ, மீன் மெத்தையில ஏறிப் படுத்துக்கிச்சு, நீயும் படுத்துக்கோ என்று சொல்லிவிட்டாள்.

(இந்த 'மறந்துட்டேன்' என்ற சொல்லை அடுத்துவரும் பக்கங்களில் இன்னொருவர் சொல்வார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.)

பிறகு கேரவனைப் பின்னோக்கி நகர்த்தி இடத்தில் நிறுத்தும் படலம். முகாமுக்கு முன்பே வந்துவிட்டவர்களுக்கு அந்த நாள் முழுவதும் இதுதான் பொழுதுபோக்கு. மடக்கு நாற்காலியைப் போட்டு, காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து, புதிதாக வருகிறவன் எத்தனை முறை முன்னும் பின்னும் இழுக்கிறான் என்று பார்ப்பார்கள். நம் ஊரில் தேர் நிலைக்கு வருவதைப் பார்க்கும் கூட்டம்போல. புருஷன் ஓட்டுவான், பெண்சாதி பின்னால் நின்று கை காட்டுவாள். அந்த ஊரில் ஒரு கல்யாணம் நிலைக்குமா என்று தெரிந்துகொள்ள ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை.

"நெவ், நான் கைய ஆட்டினா டாட்டா காட்டுறேன்னு அர்த்தம் இல்ல. நில்லுன்னு அர்த்தம்" என்றாள் யூனா.

"ரெண்டு கையயும் சேத்து ஆட்டுற. சர்ச்சுல பாட்டுக்கு ஆட்டுற மாதிரி. நான் கூடப் பாடணுமா?"

நாலாம் முயற்சியில் கேரவன் நேராக நின்றது. நாற்காலிக்காரர்கள் கைதட்டினார்கள். நெவில் இறங்கித் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். பேத்தி லியாவுக்கு அது பிடித்துப்போய், அன்று முழுக்கக் கழிவறைக்குப் போய்வரும் ஒவ்வொருவருக்கும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

லியாவைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஆற்றில் கூழாங்கற்கள் பொறுக்குவாள். ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் போட்டுக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவுவாள். காயவைப்பதற்குத் தாத்தாவின் செருப்பைத்தான் பயன்படுத்துவாள். நெவில் தினம் காலையில் செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் காலை நுழைப்பார். "ஊப்பா செருப்புல முட்டை போட்டிருக்காரு" என்று அவள் எல்லாரிடமும் போய்ச் சொல்லிவைத்திருந்தாள். ஊப்பா என்றால் தாத்தா.

4

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் கதை இல்லை.

அந்த மனிதர்களிடையே இரண்டு பொருள்களை அடுத்தவர் தொடக்கூடாது. ஒன்று, இறைச்சி சுடுகிறவனின் இடுக்கி. நெருப்பை யார் மூட்டினானோ அவன்தான் கடைசித் துண்டுவரை திருப்பிப் போடுவான். கருகினாலும் அவன் கருக்கியதாகவே இருக்கட்டும் என்று பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார்களே தவிர, யாரும் கை நீட்ட மாட்டார்கள். இரண்டாவது, கேரவனின் கொக்கி. யார் ஓட்டப்போகிறாரோ அவர்தான் மாட்ட வேண்டும். அவர் மாட்டிக்கொண்டிருக்கும்போது பேச்சுக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

முதல் வழக்கம் மரியாதை. இரண்டாவது, உயிர். இரண்டாவதை எழுதிவைத்துச் சங்கத்து விதியாக்கியவர் நெவில்தான்.

அவர் மாட்டுவதைப் பார்க்க வேண்டும். வண்டியின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு. கேரவனின் மூக்கில் அதைக் கவ்வும் ஒரு வாய், அதன்மேல் ஒரு நெம்புகோல். கேரவனின் மூக்கைத் தாங்க ஒரு சின்னச் சக்கரம். கைப்பிடியைச் சுற்றினால் ஏறும், இறங்கும். மூக்கை இறக்கிக் குண்டின்மேல் உட்காரவைத்ததும் நெம்புகோல் 'க்ளக்' என்று விழும். அந்தச் சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் போதாது; சின்னச் சக்கரத்தைச் சுற்றி மூக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வண்டியின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் கவ்வியிருக்கிறது என்று அர்த்தம். அதன்பிறகு, எல்லாம் கைவிட்டாலும் கைவிடாமல் இருக்க ஒரு சங்கிலி. கடைசியில் விளக்குக்கான வயர். "குண்டு, சத்தம், தூக்கு, சங்கிலி, வயர்." வாய்க்குள் ஜெபம்போலச் சொல்லிக்கொண்டே செய்வார். ஒரே ஒரு முறைதான் செய்வார். யாரும் தொடமாட்டார்கள் என்பதால் மறுமுறை பார்க்கத் தேவையே இருந்ததில்லை.

* ஒரு அடிக்குறிப்பு: நெவிலும் யூனாவும் என்னைத் 'தம்பி' என்று கூப்பிடுவதாக இனிமேல் வரும். அவர்கள் மொழியில் அதற்கு வேறு சொல். இருபத்தாறு வருடமாக என் காதில் அது தம்பி என்றுதான் விழுகிறது.

5

இந்தக் கதையில் எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் நம்பிக்கை இல்லை.

நானும் கூடப் போனேன் என்று முதல் பகுதியில் வருகிறது. மூன்றாம் பகுதியில் என்னைக் காணவில்லை. நெவில், யூனா, ஷன்டேல், லியா என்று நாலு பேரைச் சொல்லிவிட்டு நழுவிவிட்டேன். முதல் வரைவில் 'விருந்தாளி' என்று ஒருவனைப் போட்டிருந்தேன். மனைவி ஊருக்குப் போயிருந்த வாரம், தனியாக வீட்டில் கிடந்து முட்டையை அவித்துத் தின்னாதே, எங்களோடு வா என்று யூனா இழுத்துக்கொண்டு போனவன். கேரவனுக்குப் பக்கத்தில் சின்னக் கூடாரம் போட்டுப் படுத்தான். நாலு நாளும் நன்றாகச் சாப்பிட்டான். ஞாயிறு காலை யூனா தேங்காய்ப்பூவில் புரட்டிய பணியாரம் சுட்டபோது ஏழு தின்றான். லியாவோடு கல் பொறுக்கினான்.

அவனை வெட்டிப் பார்த்தேன். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கென்று ஒரு வேலையும் இல்லையே, இருந்தால் என்ன, போனால் என்ன. வெட்டிவிட்டுப் படித்தால் கதை முன்னைவிட ஒழுங்காக இருந்தது. மடலுக்கு அனுப்பியிருக்கலாம். யார் மனமும் நோகாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு எழுத்து ஒரு நல்ல சாதனம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சோறு நிறைய இருந்தால் போதும்.

6

விருந்தாளி இல்லாத வரைவு இது. முகாமில் இருந்த எல்லோரும் நம்புவது இதைத்தான்.

திங்கட்கிழமை காலை. ஊர் திரும்பும் நாள். நெவில் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார். பாதியில் யூனா கூப்பிட்டாள். சுருட்டிய கூடாரத் துணியை வண்டியின் கூரைமேல் ஏற்ற வேண்டும், நனைந்து கனத்துக் கிடந்தது. போய் ஏற்றிவிட்டு வந்தார். சின்னச் சக்கரத்தைச் சுற்றி மேலே ஏற்றினார். மற்றவர்கள் மேல்சாலையில் ஏறிக்கொள்ளட்டும் என்று தனியாக வண்டியில் ஏறினார். மேல்சாலைக்குப் போகும் மண்பாதை சரிவாக ஏறும். குறுக்கே கல் பாவிய ஒரு வாய்க்கால். வண்டி அதைத் தாண்டியது. கேரவனின் மூக்கு ஒரு துள்ளல் துள்ளிக் கழன்றது. சங்கிலி இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. கேரவன் மூக்கால் மண்ணைக் கீறிக்கொண்டு, மனிதன் நடக்கிற வேகத்தில், பின்னோக்கி இறங்கியது. புல்வெளியைக் கடந்தது. கீழே குழாய்க் கம்பத்தைச் சாய்த்துவிட்டு, அதற்குப் பின்னால் நின்ற யூகலிப்டஸ் மரத்தில் மோதி நின்றது.

லியா அந்தக் குழாயடியில்தான் கல் கழுவிக்கொண்டிருந்தாள். அரை நிமிடம் முன்னால் ஷன்டேல், காலில் செருப்பு இல்லாமல் வண்டியில் ஏறக்கூடாது என்று அதட்டி மேலே கூப்பிட்டிருந்தாள். பச்சைக் கிண்ணம் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

நெவில் இறங்கி ஓடி வந்தார். முதலில் குழந்தையைத் தேடினார். ஷன்டேலின் இடுப்பில் இருப்பதைப் பார்த்தார். பிறகு கேரவனின் மூக்கருகே குனிந்தார். சங்கிலி கம்பியின்மேல் சும்மா கிடந்தது. அறுந்த அடையாளம் இல்லை. அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார்.

"யூனா, நான் இத மாட்டல."

"யாருக்கும் ஒண்ணும் ஆகல நெவ். வா."

"மாட்டினதா நெனச்சேன். மாட்டின மாதிரியே இருக்கு எனக்கு. கையில ஞாபகம் இருக்கு. ஆனா மாட்டல, மறந்துட்டேன்."

நாற்காலிக்காரர்கள் எழுந்து வந்தார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேரவனைத் தள்ளி நிறுத்தினார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பதற்கு அவர்கள் மொழியில் இருக்கிற ஏதோ ஒன்றை ஒருவர் மெதுவாகச் சொன்னார். ஒருவர்கூடக் கேலி செய்யவில்லை. வந்த அன்று கைதட்டிய அதே கூட்டம். கேலி செய்திருந்தால் அவர் அன்றைக்கே தேறியிருப்பார்.

7

நெவிலுக்கு டெஸ்மண்ட் என்று ஓர் அண்ணன். பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். முதலில் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் விட்டார். பிறகு சர்ச்சிலிருந்து வீட்டுக்கு வழி மறந்தார். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். புதன்கிழமைதோறும் நெவில் போய்ப் பார்ப்பார். டெஸ்மண்ட் அவரை அப்பா என்று கூப்பிட்டு, பரீட்சைக்கு நன்றாகப் படிப்பதாக வாக்குக் கொடுப்பார். நெவிலும் 'சரிடா, படி' என்று சொல்லிவிட்டு வருவார்.

டெஸ்மண்டுக்கு அது ஆரம்பித்தது அறுபத்து நாலு வயதில்.

[இங்கே நெவிலின் மனதுக்குள் புகுந்து ஒரு பக்கம் எழுதியிருந்தேன். 'இருட்டு ஒரு மூலையிலிருந்து கசிந்து வருவதை அவர் உணர்ந்தார்' என்றெல்லாம். அடித்துவிட்டேன். அவர் என்ன உணர்ந்தார் என்று எனக்குத் தெரியாது. என்ன செய்தார் என்று மட்டும் தெரியும்.]

வண்டிச் சாவியை ஷன்டேலிடம் கொடுத்துவிட்டார். இப்போது எங்கே போவதானாலும் பக்கத்து இருக்கையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறார். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். அடுப்பு அணைத்தேன், கதவு பூட்டினேன், மாத்திரை போட்டேன் என்று நேரத்தோடு எழுதுகிறார். டாக்டரிடம் யூனா வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போனாள். டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். ஒன்றும் இல்லை, நிம்மதியாகப் போங்கள் என்றார் டாக்டர். டெஸ்மண்டும் முதல் தடவை பாஸ் பண்ணினான் என்றார் நெவில்.

யூனா என்னிடம் வேலியோரம் நின்று இதைச் சொன்னாள். பெரிய உருவம், பெரிய குரல் அவளுக்கு. அன்று கிசுகிசுப்பாகத்தான் பேசினாள்.

"டாக்டர் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு தம்பி. டாக்டர் அந்தச் சங்கிலியப் பாக்கலையேங்கிறாரு. நல்லா இருக்கிற மனுஷன், என் கண்ணு முன்னாடியே கரையுறாரு. நீ சொன்னா கேப்பாரு. ஏதாவது சொல்லேன்."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது முக்கியமில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

கேரவனை விற்கப்போகிறார்கள். வரும் சனிக்கிழமை வூஸ்டரிலிருந்து ஓர் இளம் ஜோடி பார்க்க வருகிறது.

8

ஆறாம் பகுதியை மறுபடி எழுதுகிறேன், விருந்தாளியோடு. தன்மை ஒருமையில்.

திங்கட்கிழமை காலை. நெவில் கொக்கியை மாட்டினார். குண்டு, சத்தம், தூக்கு, சங்கிலி, வயர். ஐந்தையும் செய்தார். வயரைச் செருகிக்கொண்டிருந்தபோதுதான் யூனா கூப்பிட்டாள். நான் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நாள் சோறு போட்டவர்கள் வேலை செய்யும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எனக்கு வளர்ப்பிலேயே ஆகாது. விருந்தாளி என்றாலும் இலையையாவது எடுக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். இருபத்தாறு வருடம் அங்கே வாழ்ந்தவனுக்கு அந்த ஊர் வழக்கம் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் போனேன்.

வயர் கொக்கிக்கு அடியில் போய்ச் சிக்கியிருந்தது. அதன்மேல் சங்கிலி. இழுத்தால் அறுந்துவிடும்போல் இருந்தது. சங்கிலியைக் கழற்றினேன். நெம்புகோலைத் தூக்கினேன். வயரை உருவி மேலே எடுத்து ஒழுங்காகப் போட்டேன். நெம்புகோலை அழுத்தி மூடினேன். மூடியதுபோல்தான் இருந்தது. சத்தம் கேட்டதா என்று நான் கவனிக்கவில்லை. சங்கிலியை எடுத்து மாட்டப்போன நேரம் ஷன்டேல், அங்கிள், துணியோட அந்த முனையப் பிடிங்க என்று கூப்பிட்டாள். ஒரு நிமிடம்தானே, வந்து மாட்டலாம் என்று சங்கிலியைக் கம்பிமேல் வைத்துவிட்டுப் போனேன்.

மறந்துவிட்டேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்த ஆண்டியாவது ஊதியவன் தான்தான் என்று ஒத்துக்கொண்டிருப்பான். நான் மரத்தடியில் அந்தப் பச்சைக் கிண்ணத்தைப் பார்த்தேன். அது கிடந்த இடத்தில் குழந்தையை வைத்துப் பார்த்தேன். நெவில் 'நான் மாட்டல' என்று சொன்னபோது, அடுத்த மூச்சில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த மூச்சும் போனது. வீடு வந்து சேர்ந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு வாரங்கள் போயின. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதைப் பழமொழியாகக் கேட்டிருக்கிறேன். என் பாவத்தின் பழியைச் சுமந்துகொண்டு ஒரு மனிதர் அடுத்த வீட்டில் கதவுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கும் சத்தம் என் சமையலறைக்குக் கேட்கிறது. அவமானமாக இருக்கிறது. வேறு நயமான சொல் தேடினேன், இல்லை.

9

முடிவுகள்.

அ) நான் சொல்கிறேன். நெவில் சிரிக்கிறார். முதுகில் ஓங்கி ஒன்று வைக்கிறார். 'அடப்பாவி' என்கிறார். கேரவனை விற்கவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு எல்லோரும்— இதை எழுதும்போதே கை கூசுகிறது. இந்த நெவிலை நான் எனக்காகச் செய்துகொண்டேன்.

ஆ) நான் சொல்கிறேன். நெவில் எழுந்து உள்ளே போகிறார். யூனா திரையை இழுத்துவிடுகிறாள். ஷன்டேல் லியாவை எங்கள் வீட்டுப் பக்கம் அனுப்புவதில்லை. ஆனால் அன்று மாலையே அவர் மகளிடம் போய்ச் சாவியைத் திரும்ப வாங்குகிறார். எனக்கு அண்டை வீடு போகிறது, அவருக்கு அவர் திரும்பக் கிடைக்கிறார். இது நியாயமான முடிவு. நியாயமானது என்பதால் எனக்குப் பிடிக்கவில்லை.

இ) நான் சொல்லவில்லை. கேரவன் போகிறது. காலப்போக்கில் நோட்டுப் புத்தகம் வளர்கிறது. எல்லோரும் ஒருவருக்கொருவர் மிகவும் அன்பாக இருக்கிறார்கள். நான் புதன்கிழமைகளில் அவரோடு டெஸ்மண்டைப் பார்க்கத் துணைக்குப் போகிறேன்.

ஈ) யூனாவுக்கு எல்லாம் முன்பே தெரியும், துணியைத் தூக்கும்போது அவள் என் கையைப் பார்த்துவிட்— இது திருப்பம் வேண்டும் என்ற ஆசையில் வந்தது. அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த முகாமிலேயே என் சட்டையைப் பிடித்திருப்பாள்.

இப்போது முதல் பகுதியில் தள்ளிவைத்ததைச் சொல்லிவிடுகிறேன். நெவிலுக்குத் தமிழ் தெரியாது. யூனாவுக்குத் தெரியாது. சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. உலகத்தில் இத்தனை பேருக்குப் புரிகிற ஒரு மொழியில், இந்த உண்மை தேவைப்படுகிற ஒரே ஒருவருக்கு மட்டும் புரியாத மொழியில், நான் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் சொன்னதும் மனம் லேசானது உண்மை. அந்த லேசு எனக்கு உரியதல்ல. உங்களைத் தூணாக நிறுத்திவைத்து அழுதிருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

10

இன்று வியாழன், பிற்பகல். இதுவரை எழுதியதைப் பின்வாசல் மேசையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நெவில் கேரவனைக் கழுவிக்கொண்டிருந்தார், சனிக்கிழமை வருகிறவர்களுக்காக. மெத்தைகளை வெயிலில் சாய்த்திருந்தார். மஞ்சள் கறை அப்படியே இருந்தது. பின்பக்க நசுங்கலைத் தட்டி நிமிர்த்தி வெள்ளை பூசியிருந்தார். சுத்தமாகச் செய்திருந்தார். அந்தக் கையைப் பார்த்தால் எதையும் மறக்கிற கை மாதிரி இல்லை.

"கட்டுரை முடிஞ்சுதா தம்பி? என்னத் திட்டி எழுதியிருக்கியா, தாராளமா எழுது. எல்லாருக்கும் பாடமா இருக்கட்டும்."

இன்னும் முடியவில்லை என்றேன். அவர் ஈரக் கையோடு வேலிக்கு வந்து மேசையை எட்டிப் பார்த்தார். ஆங்கிலத் தாளில் ஒன்றரை வரி. பக்கத்தில் இந்தப் பக்கங்கள், அடித்தலும் திருத்தலுமாக.

"இது உங்க எழுத்தா? இவ்வளவு எழுதியிருக்க. வளைஞ்சு வளைஞ்சு அழகாத்தான் இருக்கு. என்ன சொல்லுது?"

எங்கிருந்து மொழிபெயர்ப்பது என்று பக்கங்களைப் புரட்டினேன். முதல் பகுதியில் சங்கத்து மடல் இருந்தது, மூன்றாம் பகுதியில் சிரிப்பு இருந்தது. எதை வாசித்தாலும் அவர் ரசித்திருப்பார். காகிதத்தைக் கீழே வைத்தேன். மொழிபெயர்க்கவில்லை. அவர் மொழியிலேயே நேராகச் சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் அந்த மொழியில் நான் பேசியவற்றிலேயே சின்ன வாக்கியங்கள் அவைதான்.

"நெவில், அன்னைக்கு நீங்க சங்கிலிய மாட்டினீங்க. நான் பாத்தேன். கழட்டினது நான்."

அவர் பின்னால் போட்டுவிட்டு வந்த குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்தார். விரல்களை ஒரு முறை மடக்கி விரித்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

அவர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் எனக்குச் சாதகமாகத் திருத்திவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். மேலே நாலு முடிவுகள் இருக்கின்றன, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லை ஐந்தாவதாக ஒன்றை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்னைத் தப்பவைப்பதற்காக அவரை நல்லவராக்கிவிடாதீர்கள்.